கையில் கட்டிய நடை

படிகளைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கி வந்தவள், தரையை எட்டியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஏறத் தொடங்கினாள். லிஃப்ட் பக்கத்திலேயே சும்மா நின்றது.

"என்னக்கா, கையில புது வாட்ச்சு? வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தாரா?" என்றான் காவலாளி.

"வாட்ச் இல்லப்பா, வீட்டுக்காரரேதான். அவரத்தான் கையில கட்டிக்கிட்டு நடக்கறேன்."

அவன் சிரித்தான். அவள் சொன்னதோ உண்மை. கணவன் மூட்டை தூக்கும் கிடங்கில் காப்பீட்டுக் கம்பெனி எல்லாருக்கும் நடையை எண்ணும் அந்தப் பட்டையைக் கொடுத்திருந்தது. தினமும் நடந்தால் சம்பளத்தில் பிடிக்கும் தவணை பாதி, நடக்காவிட்டால் முழுசு. சர்க்கரைக்காரன் நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு வைக்க மாட்டான் என்று கம்பெனிக்கு ஒரு கணக்கு. அவனும் சர்க்கரைக்காரன்தான். ஆனால் உள்ளங்காலில் புண் வந்து கட்டிலோடு கிடந்தான். வருகிற அரைச் சம்பளத்தில் முழுத் தவணையும் போனால் அடுப்பு எரியாது. அப்படித்தான் பட்டை அவள் கைக்கு மாறியது. அன்றைக்குப் போதுமான அளவு நடந்துவிட்டால் அதில் ஒரு பச்சை மனிதன் தோன்றிக் கைவீசி நடப்பான். அவனைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது, புண்ணுக்குக் கட்டுப் போடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் நர்ஸ் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேருந்து நான் வர மாட்டேன்க்கா. கம்பெனில நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"ஏன் சிஸ்டர்? புண்ணு இன்னும் ஆறவேயில்லையே!"

"அண்ணன் தினமும் நல்லா நடக்கறாருன்னு பதிவாயிருக்காம். நடக்கறவங்க அவங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிக்கணுமாம்."

"மூணு மாடி இறக்கி இவரை எப்படி தினமும்..."

நர்ஸின் பார்வை அவள் மணிக்கட்டில் போய் நின்றது. அவள் கையைப் பின்னால் மறைத்தாள்.

"நான் எதையும் பாக்கலக்கா," என்றாள் நர்ஸ் தணிந்த குரலில். "வெளிய தெரிஞ்சா ஏமாத்திட்டாங்கன்னு பாலிசியையே வெட்டிருவாங்க. ஒரு மாசம் நடக்கலன்னு பதிவாச்சுன்னா, அவங்களே என்னைத் திரும்ப அனுப்புவாங்க."

"ஒரு மாசம் இந்தக் கால் தாங்குமா?"

நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டாள். "கொஞ்சம் மருந்து வெச்சிருக்கேன். விரல் கறுத்தா யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துருங்க."

அவள் இறங்கிப் போகும் சத்தம் தேய்ந்தது. கணவன் சுவரைப் பார்த்தபடி, "நல்லாத்தான் நடந்திருக்கேன் போல," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உங்க காலை நானே நடந்து நடந்து தொலைச்சிட்டேனே!"

"விடு. நீ என்ன உல்லாசத்துக்கா நடந்த?"

பட்டையைக் கழற்றி அவன் கையில் கட்டினாள். கடைசித் துளையில் மாட்டியும் தொளதொளவென்று கிடந்தது.

"அசையாம படுங்க. நீங்க படுத்திருக்கறது அவங்களுக்கும் தெரியட்டும்."

அவன் அசையவில்லை. கட்டுப் போட்ட கால் தலையணை மேல் கிடந்தது. அன்றைய நடையை அவள் ஏற்கெனவே நடந்து முடித்திருந்ததால், அவன் மணிக்கட்டில் பச்சை மனிதன் இரண்டு கால்களையும் வீசி நடந்துகொண்டிருந்தான்.