அறுந்த பாவு

கீழைக்கடலின் விளிம்பில் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் வைகறை விரிந்தது. சிசிலித் தீவின் பலேர்மோ நகரை மடியில் ஏந்தியிருக்கும் குன்றுகளின் நெற்றியில் முதலொளி படிய, அடிவாரத்துக் கிச்சிலிப்பழத் தோப்புகள் பனி சொட்டி மணம் பரப்ப, துறையில் அமால்பி நகர வணிகரின் கலங்களும் எகிப்து நாட்டு மிளகுக் கலங்களும் சிறகு மடித்த நீர்ப்பறவைகள்போல் அசைந்தாட, தொழுகைக்கு அழைக்கும் குரல் ஒருபாலும் இலத்தீன் கோயிலின் மணியோசை ஒருபாலும் யவனத் துறவியரின் பாடல் ஒருபாலும் எழுந்து, ஒன்றோடொன்று மோதாமலும் ஒன்றில் ஒன்று கலவாமலும் வானில் கரைந்தன. மூன்று நெறியினரும் ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும், ஒரே வேந்தனின் முத்திரைக்குப் பணிந்தும் வாழ்ந்த அந்நகரைக் கண்ட வழிப்போக்கர், மண்ணுலகில் இதனினும் இணக்கமான ஊர் உண்டோ என வியந்து செல்வர். ஆயின் அரண்மனை மதிலை ஒட்டி நின்ற பட்டுச்சாலையின் சாளரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் அமைந்திருந்தமையால், அவ்வழிப்போக்கருள் எவரும் அதனுள் இருந்தோரின் முகத்தைக் கண்டதில்லை.

அப்பட்டுச்சாலையில் பதினோராண்டுகளாகத் தறியில் அமர்ந்திருந்தவள் ஆரெத்தி. யவனப் பேரரசின் பட்டெல்லாம் பிறக்கும் தீபை நகரம் அவள் பிறந்த ஊர். சிசிலி வேந்தனின் கடற்படை ஒருநாள் கொரிந்து வளைகுடாவுள் புகுந்து அந்நகரைச் சூறையாடியபோது, பொன்னை அள்ளிய கைகளே நெசவறிந்த மாந்தரையும் அள்ளின. அள்ளிய பொன் தீர்ந்துபோகும், தறியறிந்த விரல்களோ ஆண்டுதோறும் பொன் விளைக்கும் என்பதை அவ்வேந்தன் அறிந்திருந்தான். கணவனைக் கடலுக்குக் கொடுத்து ஓராண்டும் நிறையாத ஆரெத்தி, அன்று காலை தன் சிறு பெண்மகவு தெக்லாவைக் கணவனின் தமக்கையிடம் விட்டு, நண்பகலில் வந்து பாலூட்டுவதாகச் சொல்லித் தறிக்குப் போனவள். அந்த நண்பகல் அவளுக்கு வரவேயில்லை. மார்பில் பால் கட்டி, கச்சு நனைந்து, காய்ச்சலில் பிதற்றியபடியே அவள் கடலைக் கடந்தாள்.

பதினோராம் ஆண்டின் இளவேனிலில் சிசிலி வேந்தனும் யவனப் பேரரசனும் பகை தீர்ந்து உடன்படிக்கை செய்தனர். அச்செய்தியைப் பட்டுச்சாலைக்குக் கொணர்ந்தவர் சபத்தாய் என்னும் யூத முதியவர். அவரும் தீபையிலிருந்து அதே கலத்தில் கொண்டுவரப்பட்டவர்; சாயத்தொட்டிகளின் ஆவியில் நாளும் நின்று நின்று இரு கண்களையும் இழந்தவர்; இழந்த பின்னும் நாக்கின் கூர்மையை மட்டும் இழவாதவர்.

“உடன்படிக்கை ஆயிடுச்சு பொண்ணே. புடிச்சுட்டு வந்த எல்லாரையும் திருப்பி அனுப்பறாங்களாம்” என்றார், சுவரைத் தடவிக்கொண்டே வந்து.

“எல்லாரையுமா மாமா?”

“பட்டு வேலை தெரிஞ்சவங்களத் தவிர. குதிரைக்காரன் போலாம், சமையக்காரன் போலாம், என்னை மாதிரிக் குருட்டுக் கட்டையும் போலாம். கண்ணு போச்சே கண்ணு போச்சேன்னு எத்தனை நாள் அழுதேன்! இப்பப் பாரு, ராசாவே கப்பல் குடுத்து வழியனுப்பறாரு.”

ஆரெத்தி தன் கைகளைப் பார்த்தாள். “கை கெட்டுப்போனா?” என்று கேட்டாள்.

முதியவரின் சிரிப்பு நின்றது. “வெட்டிக்கிட்டுத் தொலைக்காதடி” என்றார் மெல்ல. “ரத்தம் நிக்காமச் செத்துப்போவ. நடுங்க விடு. நடுக்கத்துக்கு மருந்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.”

அன்று தொடங்கி ஆரெத்தியின் கைகள் நடுங்கின. தாமரையிலையில் நீர்த்துளி உருள்வதுபோல் இழையோட்டிய அவ்விரல்கள், காற்றில் அகப்பட்ட சருகென அதிர்ந்து இழையறுத்தன. மேலாளர்கள் வைதனர், பிரம்பால் அடித்தனர், தறியினின்று இறக்கி ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றும் பலகையில் அமர்த்தினர், அங்கும் அவள் நூலைச் சிக்கலாக்கவே, கூட்டுப்புழு அவிக்கும் கொதிநீர்க் கொப்பரையண்டை தள்ளினர். முழங்கைவரை தோல் வெந்து உரிந்தபோதும் அவள் நடுங்குவதை விடவில்லை. சாலைத் தலைவன் சவுகர் மும்முறை வந்து சோதித்தான். வேந்தனின் கிறித்தவ நெறியைத் தழுவியவனெனப் பெயர் பெற்றிருந்தும், இசுலாமியரின் நோன்புத் திங்களில் பகலெல்லாம் நீரும் பருகாமல் உதடு வெடித்து நடமாடும் அவன், தன் மறைவைத் தான் காப்பவனாதலால் பிறர் மறைவைத் துருவிப் பாராதவன். நான்காம் திங்களில், செல்வோர் பட்டியலில் ‘கைந்நடுக்கமுற்றவள், பயனற்றவள்’ என்று அவள் பெயரை எழுதினான்.

நடிப்பென்று அறிந்தவள் அங்கு ஒருத்தியே இருந்தாள். ஆப்பிரிக்கக் கரையின் மகதியா நகரத்தில் அதே கடற்படையால் கவரப்பட்டு வந்த சுமுருது, ஆரெத்தியின் பக்கத்துத் தறிக்காரி; ஆறு திங்கள் நிரம்பிய ஆண்மகவொன்றுக்குத் தாய். நெறியால் வேறாயினும், ஒரே தட்டில் உண்டு ஒரே பாயில் உறங்கிப் பத்தாண்டுகளில் உடன்பிறந்தாள் போலானவள்.

“அக்கா, நீ நடுங்கறது நல்லாத்தான் இருக்கு. ஆனா திங்கறப்ப மறந்துடற” என்று ஒருநாள் காதோடு சொன்னாள். “அவிச்ச கடலைய ஒவ்வொண்ணாப் பொறுக்கி வாயில போடற, கோழி மாதிரி. கொஞ்சம் மேல கொட்டிக்க. ஊருக்குப் போறவளுக்கு அழுக்குச் சீலை ஒரு குறையா?”

ஆரெத்தி கடலையை மடியில் கொட்டினாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர்.

கலம் ஞாயிறன்று புறப்படும் என அறிவிக்கப்பட்டது. பேரரசின் தூதருக்கு வேந்தன் பரிசளிக்கவிருந்த மேலாடை, எதிரெதிர் நோக்கும் இரட்டைக் கழுகுகள் பொறித்த கருஞ்சிவப்புப் பட்டு, சுமுருதின் தறியில் முடியும் நிலையில் இருந்தது. வெள்ளியன்று நண்பகலில் அரண்மனை எழுத்தன் வந்து பார்வையிடுவான் என்றும் சொல்லியிருந்தனர். ஆயின் சுமுருதின் மகவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்றிரவும் இமை மூடாதவள், வெள்ளி காலையில், பிசிறு நறுக்கும் கத்தி கையிலிருக்கத் தறியின்மேல் கண்ணயர்ந்து சாய்ந்தாள். விடைபெற்றுக்கொள்ளச் சென்ற ஆரெத்தி கண்டது, நட்ட நடுவில் நாயின் வாய்போல் பிளந்து கிடந்த பாவு நூல்களையும், அவற்றின் முன் கையில் கத்தியோடு நின்ற சுமுருதையுமே.

அரசாடையைக் கெடுத்தவளுக்கு என்ன நேரும் என்பதை அங்கு எவரும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் அவ்வாறு கெடுத்த ஒருத்தி கடலுக்கு அப்பாலுள்ள நிலக்கிழானுக்கு விற்கப்பட்டாள். அரண்மனையில் பிறந்தது அரண்மனைக்கே உரியதாதலால், அவள் பெற்ற பிள்ளை இங்கேயே நிறுத்தப்பட்டது.

“கிட்ட வராதக்கா” என்றாள் சுமுருது. “நீ ஒண்ணும் பாக்கல. போ. போயிக் கப்பல் ஏறு.”

“எத்தனை இழை?”

“எண்ணாத! எண்ணினா உக்காந்துடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? போயிடுக்கா, உன் கால்ல விழறேன். உன் பொண்ணு இருக்கா அங்க.”

தூளியில் கிடந்த மகவு அப்போது விழித்து அழுதது. கற்றறிந்த நெஞ்சினீர், அக்கணத்தில் ஆரெத்தி எதனை எதனோடு வைத்து எடைபோட்டாள் என வினவுவீராயின், அவள் எடைபோடவில்லை என்பதே விடை. எடைபோட்டிருந்தால் போயிருப்பாள். பால் கேட்டு அழும் குரலொன்று காதில் விழ, அக்குரலுக்குரிய தாய் கண்முன் நிற்க, அத்தகைய பிரிவைத் தன் உடம்பால் அறிந்தவள் அடுப்படியிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளிக்கொண்டு தறியில் அமர்ந்தாள்.

அறுபத்துநான்கு இழைகள். அறுந்த முனைகளைச் சாம்பல் தொட்டு முறுக்கி, முடிச்சு விழாமல், ஆடையின் முகத்தில் வடு தெரியாமல் பிணைக்கும் தீபை நகரத்து முறையைச் சுமுருது அறியாள். ஆரெத்தி ஒவ்வொன்றாய்ப் பிணைத்தாள். நான்கு திங்கள் நடுங்கப் பழகிய கைகள் முதல் இழைகளில் தாமாகவே நடுங்கின. பத்தாம் இழைக்குமேல் அடங்கின. இருபதுக்குமேல் அவை தம் பழைய நடையைக் கண்டுகொண்டு, நெடுநாள் கட்டிவைத்த குதிரை திறந்தவெளி கண்டாற்போல் ஓடின. வெந்த தோலில் குருதி கசிய, அது பட்டில் படாமல் துடைத்துத் துடைத்துப் பிணைத்தாள். சுமுருது மகவை மார்பில் அணைத்துக்கொண்டு வாயிலில் காவல் நின்றாள்.

அறுபத்தொன்றாம் இழையில் அவள் இருந்தபோது, சொன்ன வேளைக்கு முன்னரே எழுத்தன் வந்துவிட்டான். அவனோடு சவுகரும் வந்தான்.

எழுத்தன் இலத்தீனன்; கொழுத்த முகத்தினன். தறியைப் பார்த்தான், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான், வாய்விட்டு நகைத்தான். “அடடா, கை நடுக்கம் நல்லாயிடுச்சே! எந்தப் புனிதர் செஞ்ச அற்புதமோ?” என்றான். பிறகு சவுகரை நோக்கி, “இவ பேரு இதுல இருக்கே. நீதானே எழுதின?” என்றான். அவ்வினாவின் அடியில் கிடந்த நச்சுப்பல்லைச் சவுகர் உணர்ந்தான்.

“நான்தான் எழுதினேன். ஏமாத்திட்டா” என்று சொல்லி, எழுதுகோலை வாங்கித் தன் கையாலேயே அவள் பெயரை அடித்தான்.

ஆரெத்தி எழவில்லை. எஞ்சியிருந்த நான்கு இழைகளையும் பிணைத்துவிட்டே எழுந்தாள். ஆடை குற்றமின்றி இருந்தமையால் சுமுருதின்மேல் குறை காண எழுத்தனுக்கு இடமிருக்கவில்லை. ஏமாற்றியதற்காக அவளுக்குப் பன்னிரண்டு அடி கிடைத்தது. கையில் படாமல் முதுகில் மட்டும் அடிக்கச் சொன்னார்கள். மாலையில் சவுகர் தனியே வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றான்.

“அந்த எழுத்தன் இல்லாம நான் தனியா வந்திருந்தா எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது” என்றான்.

“தெரியும் ஐயா” என்றாள் அவள்.

ஞாயிறு காலை சபத்தாய் கோலூன்றி வந்து சாலையின் வாயிற்கம்பியைப் பற்றிக்கொண்டார்.

“உன் கைய எனக்குக் குடுத்துட்டு என் கண்ணை உனக்குக் குடுத்திருக்கலாம் அந்தக் கடவுள். கணக்குத் தெரியாதவன்” என்றார். “என்ன சொல்லணும் உன் பொண்ணுகிட்ட?”

“நடந்ததச் சொல்லுங்க.”

“தறிக்காரங்கள விடலைன்னு சொல்றேன். அதுவும் உண்மைதானே.”

“இல்ல மாமா. என் பேரு பட்டியல்ல இருந்துச்சு, நான்தான் உக்காந்தேன். என்கிட்ட இருந்து அவளுக்கு வர்ற முதல் பேச்சு இது. அது பொய்யா இருக்கக்கூடாது.”

“பன்னெண்டு வயசுப் பொண்ணு பொண்ணே. தாங்குவாளா?”

ஆரெத்தி கம்பியினூடே கை நீட்டி, முதியவரின் மேலாடையில் கழன்றிருந்த முடிச்சைச் சரிசெய்தாள். கலத்தின் ஊதுகொம்பு மும்முறை முழங்கியதை அவள் தறியில் இருந்தவாறே கேட்டாள். உயர்ந்த சாளரத்தில் வானம் மட்டும் தெரிந்தது. பாய்மரத்தின் உச்சியேனும் தெரியவில்லை.

மாரிக்காலம் கழிந்தது. இரு கரைக்கும் பட்டு வாங்கி விற்கும் அமால்பி வணிகன் மன்சோ, மறு இளவேனிலில் பட்டுச்சாலை வாயிலுக்கு வந்து அவளை அழைப்பித்தான். நல்லவன், சுமந்து வந்த சொல்லை இறக்க இடம் தெரியாமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

“கிழவர் சுகமா இருக்கார்மா. உன் பொண்ணைப் பாத்துச் சொல்லிட்டாராம். உயரமா வளந்திருக்காளாம்.”

“என்ன சொன்னா?”

“கப்பல் வந்த அன்னிக்குத் துறையில நின்னிருக்கா. பேர் பட்டியல்ல இருக்குன்னு முன்னாடியே யாரோ சொல்லியிருக்காங்க. இறங்கின ஒவ்வொரு பொம்பளை மூஞ்சியையும் பாத்தாளாம்.”

“என்ன சொன்னா, அதச் சொல்லுங்க.”

மன்சோ தலைகுனிந்தான். “‘அங்க இருக்கற குழந்தைக்கு அம்மா வேணும்னு நெனச்சாங்களே, எனக்கு வேணும்னு நெனைக்கலையா’ன்னு கேட்டாளாம். அப்புறம், ‘இத்தனை நாளும் செத்துட்டாங்கன்னுதான் இருந்தேன், அப்படியே இருந்துக்கறேன்’னு சொன்னாளாம். சின்னப் பொண்ணும்மா. மாறிடும்.”

“அவ கேட்டது சரிதான்” என்றாள் ஆரெத்தி. தன் குரல் அத்துணை அமைதியாக வந்ததைக் கண்டு அவளே வியந்தாள். வணிகனுக்குத் தண்ணீர் கொணர்ந்து தந்தாள். பின்பு உள்ளே போய், எவரும் இல்லாத நூற்கிடங்கில், பட்டுப் பொதிகளுக்கிடையே முகம் புதைத்து, பன்னீராண்டுகளுக்கு முன் கலத்தில் அழுதது போல் அழுதாள்.

அதன்பின் பத்தொன்பது ஆண்டு அவள் வாழ்ந்தாள். ஆண்டுதோறும் மன்சோவின் வழியே மகளுக்குச் சொல் அனுப்பினாள். திருமணம் ஆயிற்றென்றும், பிள்ளைகள் பிறந்தனரென்றும் பிறர்வாய்ச் செய்தி வந்ததேயன்றி, மகளின் வாய்ச்சொல் ஒன்றும் வரவில்லை. சுமுருது ஒருமுறை, “நான் உன்னைத் தடுத்தேனேக்கா” என்று சொல்லி அழுதபோது, “தடுத்த. நான் கேக்கல. விடு” என்றாளேயன்றி, வருந்துகிறேன் என்றோ வருந்தவில்லை என்றோ சொன்னாளில்லை. இரண்டும் மெய்யாயிருந்தமையால் ஒன்றை மட்டும் சொல்ல அவளால் இயலவில்லை போலும்.

அவள் இறந்தபோது யவனத் துறவியர் தம் முறைப்படி அவளை அடக்கம் செய்தனர். வேற்று நெறியினளாகிய சுமுருது கோயிலுக்குள் செல்லாமல், வெயிலில் மதிற்சுவரில் நெற்றியைச் சாய்த்து, உள்ளே பாடல் முடியும்வரை நின்றாள். அவ்வேளையில் வேந்தனும் மாறியிருந்தான்; பேரரசனும் மூப்படைந்திருந்தான்; உடன்படிக்கை மீண்டும் முறிந்து மீண்டும் எழுதப்பட்டிருந்தது. பகை மூண்டால் இரு முடிகளும் கலங்களை இழக்கும், அமைதி வந்தால் இரு முடிகளும் கலங்களைக் கட்டிக்கொள்ளும். எளியோர் இழந்ததைத் திருப்பித் தரும் உடன்படிக்கையை எந்நாட்டு எழுத்தனும் இன்னும் எழுதவில்லை. அருள் செய்தவள் அருளாலேயே மகளை இழந்தாள். அம்மகளோ தவறேதும் இழைக்காமலே தாயை இருமுறை இழந்தாள். இவர்களுள் யாரை நோவது என அறியாது, இதனைச் சொல்லும் நாவும் இவ்விடத்தே அடங்குகின்றது.