டாக்டர் துளசி ஓட்டுக் கேட்டார்

மலேசியாவின் அசாம் ஜாவா கடைவரிசையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் துளசிக்கு அரசியல் பிடிக்காது. ஆனால் பக்கத்துத் தோட்டத்தின் தொழிலாளர் லயங்களிலிருந்து பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு வந்துகொண்டே இருந்தார்கள். மருந்து கொடுப்பார், சரியாகும், மறுபடியும் வருவார்கள்.

ஒருநாள் மகள் விஷாலினியைத் தூக்கிக்கொண்டு வந்த மோகனாவிடம், "தண்ணிய கொதிக்க வச்சுத்தானே குடுக்கிற?" என்று கேட்டார்.

"கொதிக்க வச்சாலும் மஞ்சளாத்தான் இருக்கு டாக்டர். நீங்களே வந்து பாருங்களேன்."

துளசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பார்த்தார். லயத்துக்குப் பின்னால் மூடியில்லாத தொட்டி. அதில் குட்டைத் தண்ணீர் வந்து விழுந்தது. தோட்ட நிர்வாகம் அரசாங்கத்தைக் கைகாட்டியது. அரசாங்க அலுவலகம் தோட்டத்தைக் கைகாட்டியது. சட்டமன்ற உறுப்பினர் கணேஸ்வரன், "பாக்கலாம்" என்றார். அவர் தன் இனிப்புநீர் நோய்க்குத் துளசியிடம்தான் மருந்து வாங்குவார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் தேர்தல் வந்தது. எதிர்க்கட்சிக்காரர் புவனேசன், "நீங்க நில்லுங்க டாக்டர்" என்றதும், யோசிக்காமல் சரி என்றுவிட்டார்.

பிரச்சாரம் புவனேசனுக்குத் தலைவலியானது. மேடையேறிய துளசி, முன்வரிசையில் ஒருவரின் வீங்கிய காலைக் கண்டு பாதிப் பேச்சில் இறங்கிப் போனார்.

"டாக்டர், மைக்க பிடிங்க லா. கால அப்புறம் பிடிக்கலாம்."

"அவரு நாளைக்கே ஆஸ்பத்திரி போகணும். அத மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

வாக்களிப்புக்கு முந்திய வாரம், மருந்து தீர்ந்துபோய்க் கணேஸ்வரனே கிளினிக்குக்கு வந்தார்.

"என்னையே எதுத்து நிக்கிறீங்க. மருந்து குடுப்பீங்களா?"

"குடுப்பேன். ஓட்டு மட்டும் கேக்க மாட்டேன்" என்றார் துளசி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சொற்ப ஓட்டுகளில் துளசி ஜெயித்தார். எண்ணிக்கை மையத்தில் முதலில் கைகொடுத்தவர் கணேஸ்வரன்தான்.

"தோத்தது பரவால்ல டாக்டர். இனி கிளினிக்க யாரு பாத்துக்குவாங்க?"

"டாக்டர் சேது வர்றாரு. என்னவிடக் கண்டிப்பு."

சட்டமன்றத்தில் முதல் முறை எழுந்த துளசிக்கு அரசியல் பேசத் தெரியவில்லை, தெரிந்ததைப் பேசினார். "நோயாளி ஆறு வயதுப் பெண். வயிற்றுப்போக்கு அடிக்கடி வருகிறது. காரணம் குடிநீர். நான் எழுதிக் கொடுத்த எந்த மருந்தும் இதைத் தீர்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது குழாய்." அரசாங்கத் தரப்பில் பதில் சொல்ல எழுந்தவர் தோட்டத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் துளசி விடவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அடுத்த தீபாவளிக்கு முன்பே லயத்துக்குக் குழாய் வந்தது.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டி, மாலையோடு காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை. விஷாலினி குழாயைத் திருகிவிட்டாள். தெளிந்த தண்ணீர் பீறிட்டு, மாலை, ரிப்பன், புவனேசனின் புதுச் சட்டை, துளசியின் பட்டுப்புடவை எல்லாவற்றையும் நனைத்தது. மோகனா பதறிப்போய் மகளைப் பிடித்திழுத்தாள்.

"விடு மோகனா, ஆடட்டும்" என்ற துளசி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் தண்ணீருக்குள் போய் நின்றார்.