லட்சுமியம்மாளுக்கு மூன்று வார்த்தை

எங்கள் தெருவில் யார் செருப்பை மாட்டினாலும் எதிர்வீட்டு லட்சுமியம்மாள், "எங்க போய்க்கினு கீற?" என்று கேட்டுவிடுவாள். கிளம்பும்போது கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் நான் விட்ட பஸ் கொஞ்சமல்ல. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் நான் பெயிலானதற்கும் அவள் வாய்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

டுட்டோரியலில் தங்கதுரை சார் மூன்று வார்த்தைகளைக் குழப்பிக்கொள்ளாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். துருவித் துருவிக் கேட்டால் இன்க்விசிட்டிவ். கூப்பிடாமல் உள்ளே நுழைந்தால் இன்ட்ரூடர். அடுத்தவர் வேலையில் கை வைத்தால் மெட்லர். எனக்கு மூன்றுமே லட்சுமியம்மாளாகத்தான் தெரிந்தது.

மறுபரீட்சைக்கு முந்தின நாள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. எங்கள் வடக்கனந்தலிலிருந்து பரீட்சை நடக்கும் கள்ளக்குறிச்சிக்குப் போகும் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. இந்த முறையும் கோட்டை விட்டால் கரும்பு வெட்ட வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். அழுது அழுது என் முகம் வீங்கிவிட்டது.

விடிந்ததும் விடியாததுமாக லட்சுமியம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். இன்ட்ரூடர்!

"செல்வி, எழுந்திரு. கந்தசாமி கள்ளக்குறிச்சிக்கு வண்டி கட்டிக்கினு கீறான். தங்கச்சிக்குக் கொழந்த பொறந்துருக்காம். ஏரிக்கர மேலயே போவான்."

"உனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"நேத்தே கேட்டேன். கேக்காம எப்பிடித் தெரியும்?"

வயசுப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று அப்பா இழுத்தார். "நானும் கூடப் போறேன். நீ உன் வேலயப் பாருண்ணே" என்று அவரை அதட்டிவிட்டு, அவளே என் தலையை வாரிப் பின்னினாள். மெட்லர்!

மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி, மணி அடிக்கிற நேரத்துக்குப் போய் இறங்கினோம். சார் சொன்ன கேள்வியே வந்திருந்தது. மூன்று வார்த்தைக்கும் அவளை வைத்தே வாக்கியம் எழுதினேன். ஒன்றும் இடம் மாறவில்லை.

பாஸாகிவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் சேரப் புதுத் தாவணியோடு கிளம்பிய அன்று, லட்சுமியம்மாள் என்னைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல காரியத்துக்குப் போகிறவளைக் கேட்டுவிடக் கூடாதாம். யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"யக்கா, எங்க போறன்னு கேளு."

"போடி. என் வாய் நல்ல வாய் இல்லன்னு ஊரே சொல்லுது."

"நீ கேட்டாத்தான் போவேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். பதில் சொன்னேன். அப்புறம் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.