மே மாதம் முடியும் வரை

காலை எட்டு மணிக்குப் போன் வந்தபோது என் புருஷன் நெவில் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். போனில் பேசினால் அவருக்குக் காதில் சரியாக விழாது. "எதுவானாலும் என் பெண்டாட்டியிடம் சொல்லிவிடுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருந்தார். டாக்டரம்மா சொன்னதை நின்றபடியே கேட்டுக்கொண்டேன். கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டதாம். இனி அறுத்தும் பிரயோசனமில்லையாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "சில வாரம்தாம்மா" என்றாள். நாளைக்கு இருவரும் வந்தால், அவளே அவரிடம் பக்குவமாகச் சொல்வாளாம்.

"யாரு போன்ல?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"ஜாய்ஸ்தான்" என்றேன். ஜாய்ஸ் என் தங்கை.

கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து ஜன்னலைத் திறந்தார். மார்ச் பன்னிரண்டாம் தேதி. எங்கள் வட இங்கிலாந்தில் ஆலங்கட்டி விழவேண்டிய நாளில் ஜூன் மாதத்து வெயில் அடித்தது. "இருபது டிகிரியாம், ரேடியோவுல சொல்றான். ஃபைலி பீச்சுக்குப் போலாமா?"

வேறு நாளாயிருந்தால், இந்த வெயிலை விட்டால் போர்வையெல்லாம் எப்போது துவைப்பது என்று சண்டைக்குப் போயிருப்பேன். அன்று "போலாம்" என்றேன். இன்று ஒரு நாளாவது இந்த மனுஷன் ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். என் மூஞ்சி காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

ஃபைலியில் பாதி யார்க்‌ஷயர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து கிடந்தது. குளிர்காலம் முழுக்க மூடிவைத்த உடம்பையெல்லாம் திறந்துபோட்டு, உரித்த கோழி நிறத்தில் மணலில் படுத்திருந்தார்கள். நாங்கள் மடக்கு நாற்காலிகளை விரித்து, ஃப்ளாஸ்க்கை நடுவில் வைத்து உட்கார்ந்தோம்.

மே முடியும்வரை உடம்பிலிருந்து ஒரு துணியையும் கழற்றாதே என்பார்கள் எங்கள் பக்கத்தில். என் அம்மா அதை வேதவாக்காகச் சொல்வாள், நானும் அப்படித்தான். கல்யாணமான வருஷம், ஈஸ்டர் வெயிலை நம்பி எனக்குத் தெரியாமல் கம்பளி பனியனைக் கழற்றிவிட்டு, நெவில் இரண்டு வாரம் நெஞ்சுச் சளியோடு படுத்தார். அன்றிலிருந்து நாற்பத்தொரு வருஷமாக, அந்த விஷயத்தில் நான் வைத்ததுதான் சட்டம்.

"கோட்டைக் கழட்டட்டுமா?" என்றார்.

"சரி."

கொஞ்ச நேரத்தில் மஃப்ளரும் ஸ்வெட்டரும் போயின. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மணிக்கு இன்னிக்கு ரொம்பத் தாராளம்."

"வாய மூடிட்டு சாண்ட்விச்சத் தின்னு."

பாதிதான் தின்றார். மீதியைக் கடல்காகத்துக்கு வீசிவிட்டு, கண்ணைச் சிமிட்டி, "அப்ப பனியன்?" என்றார்.

வருஷா வருஷம் கேட்பதுதான். நான் பாயவேண்டும், அவர் சிரிக்கவேண்டும். ஆனால் சட்டைக் கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த அந்த எலும்பைப் பார்த்துவிட்டேன். இனி எந்தச் சளிக்குப் பயப்படுவது? ஒரு தடவை நன்றாக வெயில் படட்டுமே என்று தோன்றியது.

"கழட்டிக்கோய்யா. நல்ல வெயில்தான" என்றேன்.

சட்டையைக் கழற்றி மடியில் போட்டார். பனியனைப் பாதி தூக்கியவர், அப்படியே நிறுத்தி, மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். என்னையே பார்த்தார். நான் நிறைந்திருந்த கோப்பையில் மேலும் டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"காலைல பேசினது ஜாய்ஸ் இல்ல" என்றார். "அவ என்னிக்குப் பத்து மணிக்கு முன்னாடி எந்திரிச்சா?"

நான் ஃப்ளாஸ்க்கை மூடினேன்.

"மே மாசம் வரைக்கும் தாங்காதாமா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பிறகு அழுதேன். நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை. என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மணலில் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.  

"பெரில், என்னக் கொஞ்சம் திட்டேன்" என்றார்.

"எதுக்குத் திட்ட?"

"எப்பவும் திட்டுவியே. அதுக்குத்தான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.   "மார்ச் மாசத்துல பனியனக் கழட்ட வந்துட்டாரு தொரை. நெஞ்சுல சளி கட்டினா எவ பாக்குறது? மே முடியட்டும், அப்புறம் பாக்கலாம். எடுத்து மாட்டுய்யா எல்லாத்தையும்."

"உத்தரவு" என்றார்.

சட்டையை மாட்டினார். ஸ்வெட்டரை மாட்டினார். கோட்டை மாட்டி, கழுத்துவரை பித்தானைப் போட்டார். மஃப்ளரை நான் சுற்றிவிட்டேன். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒன்றையும் கழற்றவில்லை. சுற்றிலும் ஜனங்கள் வெற்றுடம்போடு கிடக்க, நாங்கள் இருவர் மட்டும் குளிர்காலத்து உடுப்பில் வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.