ஊறல் பாக்கு

பானைக்குள் கைவிட்ட கறுப்பையாவின் விரல்களில் உருண்டை உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. கால் கழுவத் தண்ணீர் தேடி வந்தவன் குனிந்து பார்த்தான். பத்துப் பன்னிரண்டு கொட்டைப்பாக்குகள் பானையின் அடியில் கிடந்தன.

அவனுக்குப் புரியவில்லை. இந்த வீட்டில் யாருக்கும் வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அக்கா அழகம்மா போட்டதே இல்லை. அவள் புருஷன் பழனியாண்டிக்குச் சுருட்டு மட்டும்தான். மகள் வடிவம்மாவுக்குப் பதினான்கு வயது. வருகிறவர்களுக்கு வைக்கவென்றால் உலர்ந்த பாக்கே போதும், ஒரு வருடமானாலும் கெடாது. ஊறப்போட்ட பாக்கு அப்படியல்ல. முதல் நாளே துவர்ப்பு இறங்கித் தண்ணீர் சிவக்கும். மாற்றாவிட்டால் மறுநாள் மேலே ஏடு படியும், அதற்கடுத்த நாள் நாற்றம் எடுக்கும். இந்தத் தண்ணீரோ அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. யாரோ இன்று காலையில் மாற்றியிருக்கிறார்கள். சாவு விழுந்த வீட்டில், இன்று காலையில்.

"அது கால் கழுவுற தண்ணி இல்ல." வாசலில் வடிவம்மா நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். "வெளிய பீப்பாயில இருக்கு."

"வடிவு..."

அவள் போய்விட்டாள்.

அவன் கம்பளையிலிருந்து கண்டிக்கு ரயிலில் வந்தான், அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய மலைக்கு நடை. வழி நெடுகக் காப்பிச் செடிகளின் இலைகளுக்கு அடியில் நோயின் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது என்று ஆள் வந்து சொன்னது முந்தாநாள் காலையில். அன்றே கிளம்பியிருக்கலாம். அவன் வேலை பார்க்கும் கம்பளைக் கடை முதலாளியின் காப்பி மூட்டைகள் ரயிலேற வேண்டியிருந்தன. எண்பது மூட்டைக்கும் முத்திரை வைத்துவிட்டு மறுநாள் கிளம்பலாம் என்று நினைத்தான். மறுநாள் இன்னொரு வேலை வந்தது. இன்று வந்து சேர்ந்தபோது அவளைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

கால் கழுவிவிட்டு, கொண்டுவந்த கோடிச் சேலையைக் கக்கத்திலிருந்து எடுத்தான். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். அழகம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இராமையா கையை நீட்டித் தடுத்தார். லயத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்கிறபடிதான்.

"இரு தம்பி. நீ இவ வெத்தலைய எடுத்தியா?"

கறுப்பையா சேலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"சடங்குக்குச் சொல்லப் போனவ கையில வெத்தல அப்படியே திரும்பி வந்துச்சு. நான் பாத்தேன். வச்ச வெத்தலைய எடுக்கலன்னா ஒறவு இல்லன்னு அர்த்தம். ஒறவு இல்லாதவன் கோடி போடுறது எப்படி?"

"இப்ப போயி அதெல்லாம்..." என்று பழனியாண்டி முனகினான். "இருட்டுறதுக்குள்ள தூக்கணுங்க."

"எனக்கு மட்டும் ஆசையா, பழனி? குடுத்தவ எந்திரிச்சு இன்னொருக்கா குடுத்தா எடுத்துக்கட்டும். முடியுமா?"

எட்டு மாதத்துக்கு முன் அழகம்மா கம்பளைக்கு நடந்தே வந்திருந்தாள். இடுப்பில் வேலைக்குக் கட்டிய சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம், கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டு. கடையில் இரண்டு வியாபாரிகள் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, வடிவு பெரிய மனுசியாயிட்டா. தாய்மாமன் நீதான் முன்ன நிக்கணும். எடுத்துக்க."

எடுத்தால் வருகிறேன் என்று பொருள். எடுத்தால் தம்பி என்றும் பொருள்.

"யாரு கறுப்பையா இது?" என்று வியாபாரிகளில் ஒருவர் கேட்டார்.

"தெரிஞ்ச பொம்பள. தோட்டத்து ஆளு." பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்: "அங்க பலகையில வச்சிட்டுப் போ. அப்புறம் எடுத்துக்கிறேன்."

அவள் வைக்கவில்லை. தராசில் நான்கு மூட்டை ஏறி இறங்கும்வரை தட்டை நீட்டியபடியே நின்றாள். பிறகு முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

இப்போது தலையை ஒருபக்கம் சாய்த்துப் படுத்திருந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கறுப்பையா சேலையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். யாரும் அவனை எழுந்து போகச் சொல்லவில்லை. அருகில் வரவும் இல்லை. தப்பு அடிப்பவர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா." வடிவம்மாவின் குரல். அந்தப் பானையை இடுப்பிலும் வெற்றிலைத் தட்டைக் கையிலுமாகக் கொண்டுவந்து இராமையாவின் முன்னால் இறக்கினாள். "இந்தப் பாக்கு யாரு பாக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்கம்மா பாக்குதான். வாராவாரம் திங்கக்கிழம எனக்குத் தருவாளே."

"ஒங்களுக்கு எதுக்குத் தந்துச்சு?"

"வயசாளிக்குப் பல்லு இல்லன்னுதான்."

"இல்ல. அது மாமாவுக்குப் போட்ட பாக்கு. கடவாயில பல்லு இல்ல, காஞ்ச பாக்கு அவனுக்கு முள்ளாக் குத்தும்னு அம்மா சொல்லும். ஞாயித்துக்கிழம பேர் போடாத நாளு, வேல இல்ல, அன்னைக்கு வருவான்னு வியாழக்கிழமயே ஊறப்போட்டுடும். ரெண்டு கல் தள்ளிப் போயி கடையில வெத்தல வாங்கியாரும். ஞாயித்துக்கிழம சாயந்தரம்வரைக்கும் தட்டு அப்படியே இருக்கும். வரலன்னா மறுநாளு ஒங்களுக்கு. எட்டு மாசமா நீங்க மாமா பாக்கைத்தான் மென்னீங்க."

பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். இராமையா வாயில் அடக்கியிருந்ததை மெல்லுவதை நிறுத்தினார்.

தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளைப் பாதையில் நடந்து வந்த வருடம் பாறையில் விழுந்துதான் கறுப்பையாவுக்கு அந்தப் பற்கள் போயின. அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. மிச்ச வழியெல்லாம் அக்கா சோற்றைப் பிசைந்து கூழாக்கிக் கொடுத்தாள்.

"காச்சல்ல கெடந்தப்பவும் தண்ணி மாத்துனியான்னு கேட்டுச்சு," என்றாள் வடிவம்மா. "எனக்கு எரிச்சலா வரும். நேத்துப் பேச்சு போயிடுச்சு. கையால பானையக் காட்டுச்சு. அதான் இன்னைக்கும் மாத்துனேன்."

அவள் தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்தாள். பானையிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து நறுக்கினாள். உலர்ந்த பாக்கு வெட்டினால் தெறிக்கும். இது சீவல் சீவலாக விழுந்தது. வெற்றிலையில் வைத்து, இறந்தவளின் வலது கையை மெதுவாகத் தூக்கித் தட்டின் விளிம்பைத் தொடவைத்தாள். பிறகு தட்டைக் கறுப்பையாவின் முன் நீட்டினாள்.

"ஒங்களுக்காக இல்ல," என்றாள். "அம்மாவுக்குக் கோடி வேணும். ரெண்டு கையாலயும் எடுங்க."

எடுத்தான். ஒரு சீவல் மண்ணில் விழுந்தது. அதையும் பொறுக்கிக்கொண்டான்.

"வாயில போடு தம்பி," என்றார் இராமையா. அவர் குரல் தணிந்திருந்தது. தலைமாட்டை விட்டு நகர்ந்து, சேலை விரிக்க இடம் விட்டார்.

கறுப்பையா பாக்கை இடது கடவாயில், பல் இல்லாத பக்கம் ஒதுக்கினான். ஈறு பட்டதும் மசிந்தது. இப்படி மசிய மூன்று நாள் ஊற வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.