பொன்னுரங்கத்தின் பாறை

செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு, அஸ்திக் கலசத்தை மார்போடு அணைத்தபடி வித்யாலட்சுமி படகில் ஏறினாள். பின்னால் வந்த சித்தப்பா தில்லைநாதன் செருப்போடு ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"சித்தப்பா, செருப்பு."

"ஒரே சேறா இருக்கு வித்யா."

"இருக்கட்டும். போட்டுக்கு தெனம் கற்பூரம் காட்டுறாங்க. கழட்டுங்க."

கழற்றினார். மனுஷர் அதோடு அடங்கினாரா? காற்று நன்றாக வருமென்று நேரே படகின் முன்முனையில், அங்கே இட்டிருந்த குங்குமப் பொட்டின் மேலேயே போய் உட்கார்ந்தார். படகுக்காரர் பொன்னுரங்கம் பார்த்தும் பார்க்காதவர் போலக் கயிற்றை அவிழ்த்தார். வித்யாதான் சித்தப்பாவைக் கையைப் பிடித்து நடுப்பலகைக்கு இழுத்து வந்தாள்.

நேற்றுக் காலை சிதம்பரத்து வீட்டில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர்தான், அவள் அப்பா பஞ்சநாதம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கடலுக்கடியில் முங்கிப் பார்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிறு வந்தால் காற்று சிலிண்டரோடு கடலூருக்குக் கிளம்பிவிடுவார். பொன்னுரங்கம் சொன்ன இடத்தில் உட்காருவார், சொல்லாத கயிற்றைத் தொடமாட்டார், எப்போது திரும்புவோம் என்று கேட்கவே மாட்டார். அப்படித்தான் 'சார்' மச்சான் ஆனார்.

அந்த மச்சானை மட்டும்தான் பொன்னுரங்கம் தன் பாறைக்கு அழைத்துப் போவார். கடலுக்கடியில் மீன் அடையும் அந்தப் பாறை எங்கே என்று அவருடைய பங்காளிகளுக்கே தெரியாது. அவர் வீட்டில் உலை வைப்பது அந்தப் பாறைதான். அப்பாவை அங்கேயே கரைக்க வேண்டுமென்று வித்யா கேட்டதும், மறுபேச்சில்லாமல் சரியென்றார். வருஷா வருஷம் திதிக்கு அங்கே வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் இடத்தைக் கேட்பது அவருடைய பிழைப்பையே கேட்பதாகும். அவள் வாயைத் திறக்கவில்லை.

கரை சிறுத்துப்போன ஓரிடத்தில் பொன்னுரங்கம் இன்ஜினை நிறுத்தினார். தில்லைநாதன் சட்டென்று போனை எடுத்தார்.

"லொகேஷன் போட்டுக்குறேன். அடுத்த வருஷம் எந்த போட்டுல வேணாலும் வந்துரலாம்."

பொன்னுரங்கத்தின் முகம் இறுகியது.

"போன உள்ள வைங்க சித்தப்பா."

"எங்கண்ணன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரிய வேணாமாடி?" அவர் குரல் உடைந்தது.

போன் இருந்த அவர் கையை வித்யா பிடித்துக்கொண்டாள். "தெரியணுந்தான். ஆனா இது பொன்னுரங்கம் மாமாவோட எடம். அப்பாவே குறிச்சி வச்சிக்கல. நாம குறிக்கக் கூடாது."

அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வித்யா கலசத்தைச் சாய்த்தாள். சாம்பல் சற்று நேரம் தண்ணீரின் மேல் நின்றுவிட்டு மெல்ல இறங்கியது. அவள் வாய்விட்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

பொன்னுரங்கம் இன்ஜினைக் கிளப்பப் போனவர், கையை எடுத்துவிட்டார்.

"பாப்பா, கரையப் பாத்துத் திரும்பி உக்காரு."

உட்கார்ந்தாள்.

"குடிகாட்டுப் பக்கம் அந்த ஒசந்த கம்பெனிப் புகைபோக்கி, லைட்ஹவுஸுக்கு நேர் பின்னாடி நிக்குதா?"

"நிக்குது மாமா."

"வடக்க, சவுக்குத் தோப்பு முடியற எடத்துல தண்ணி டேங்க்?"

"தெரியுது."

"ரெண்டும் இதே மாதிரி நின்னுச்சுன்னா, கீழ மச்சான் இருக்காருன்னு அர்த்தம்."

நடுப்பலகையில் தில்லைநாதன், அந்த அடையாளங்கள் தன் கண்ணில் படாதபடி கரைக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.