பெயர் வாசித்தால் எழுந்து நிற்க வேண்டும்

அந்த வாரம் முழுக்க கிளாரிசா தன் அப்பா கிரிகரியோடு மல்லுக்கட்டிச் சலித்துப் போயிருந்தாள். கிரிகரியின் அண்ணன் ரோனி வாலிபத்தில் அரசு மனநல மருத்துவமனைக்குள் போனவர். அறுபதைத் தாண்டியும் அங்கேயே இருந்தார். நோய் அடங்கிப் பல வருஷம் ஆயிற்று. வீட்டார் வந்தால் அனுப்பிவிடுவோம் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். கிரிகரியின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் பின்னறை காலியாகத்தான் கிடந்தது. கிரிகரிதான் மாட்டேன் என்றார்.

கிளாரிசா சட்டம் படிக்கிறவள். மனநோயாளிகளைப் பூட்டி வைத்த காலத்துச் சட்டத்தையெல்லாம் தூக்கிவிட்டுப் புதுசு கொண்டுவந்தாயிற்று, இப்போது பெரியப்பாவைப் பூட்டி வைத்திருப்பது நாம்தான் என்று சாப்பாட்டு மேசையில் பொரிந்து தள்ளினாள். கிரிகரி மீனில் முள் தேடிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிமா. செத்துப்போனவன எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?"

அங்கேதான் சிக்கல். அண்ணன் மனநல மருத்துவமனையில் என்றால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்து, கிரிகரியின் கல்யாணப் பேச்சில் ரோனி காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். கிளாரிசாவின் அம்மா பெர்னடெட்டுக்கே தாலி ஏறிய பிறகுதான் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் கிரிகரி போகிற கோயிலுக்குத்தான் பெர்னடெட்டின் அண்ணன்மாரும் வருவார்கள். அதனால் நவம்பர்தோறும் சகல ஆத்துமாக்கள் திருநாள் பூசையில், இறந்தவர்களுக்காக வாசிக்கிற பெயர்களோடு அண்ணன் பெயரையும் கிரிகரி கொடுத்து வந்தார்.

"இந்த வருஷமாச்சும் கொடுக்காதீங்க டாடி."

"திடீர்னு நிப்பாட்டினா கேப்பாங்க லா."

திருநாளன்று கிளாரிசா யாரிடமும் சொல்லாமல் வார்டில் அனுமதி வாங்கி, ரோனியை வெளியே கூட்டி வந்துவிட்டாள். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். கிரி இன்னும் மீன் முள்ளுக்குப் பயப்படுறானா?

கோயிலில் அப்பாவுக்கு நேர் பின் பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள். திரும்பிப் பார்த்த கிரிகரி சட்டென்று முகத்தைப் பீடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ரோனி ஆரோக்கியம்."

ரோனி எழுந்து நின்றார். "இருக்கேன்."

வார்டில் காலையில் பெயர் கூப்பிட்டால் அப்படித்தான். எழுந்து பதில் சொல்ல வேண்டும், உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். தலைகள் திரும்பின, மாமாக்களின் தலைகளும். வாசிக்கிறவர் தடுமாறி அடுத்த பெயருக்குப் போனார். கிளாரிசா ரோனியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் உட்காரச் சொல்லலைமா," என்றார் ரோனி, மெதுவாக.

கிரிகரி திரும்பவில்லை. "உட்காரச் சொல்லு அவன."

"நீங்க சொல்லுங்க டாடி."

கிரிகரியின் கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. வாசிக்க இன்னும் பெயர்கள் இருந்தன. ரோனி கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தம்பியின் முதுகைப் பார்த்தபடி நின்றார்.